பிலாத்து வரைக்கும்

ரெஜீஸின் பைக்கைத் தூரத்தில் பார்த்தாலே வேதக்காரப் பிள்ளையின் வண்டி என்று சொல்லிவிடலாம். முன்னால் மாதா, பின்னால் சூசையப்பர், பெட்ரோல் டேங்கில் ஒரு வசனம், சாவிக்கொத்தில் ஜெபமாலை. இத்தனை பேர் ஏறிய பிறகு இவனுக்கு உட்கார ஏது இடம் என்று கேட்கத் தோன்றும். கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டான், சிரிப்பான். நல்ல பையன்தான், பாவம். வயது இருபத்தாறு. வில்லியனூரில் ஒரு டூவீலர் சர்வீஸ் கடையில் வேலை, பக்கத்து ஊர் உறுவையாற்றில் வீடு, வீட்டில் அம்மா அமலோற்பவம் மட்டும்.

காலையில் கண் விழித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் போடுவான். பல் விளக்குவதெல்லாம் அப்புறம்தான். திருவிழா வந்தால் தேர் தூக்க முதலில் நீளும் தோள் அவனுடையது. கோயில் இளைஞர் குழுவுக்கு அவன்தான் செயலாளர். வாலிபால் ஆட இறங்கினால் ஏழாம் நம்பர் பனியன். ஏன் ஏழு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவனுக்குக் குஷி வந்துவிடும். "ஏழு அருட்சாதனம்டா!" என்பான். சரி, அந்த ஏழும் என்னென்ன என்று கேட்டால் விரல் மடக்கி ஐந்து வரை வருவான். "மீதியும் அந்த மாதிரிதான்" என்று பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அவனுடைய வாலிபால் குழுவுக்குப் பெயர் 'சூசையப்பர் பாய்ஸ்'. ஆறு பேரில் ரெஜீஸைத் தவிர ஐந்து பேரும் இந்துப் பையன்கள். கேப்டன் புகழ்வேந்தன், பந்து தூக்கிக் கொடுக்கிற செட்டர். ஆட்டம் தொடங்கும்போது "சூசையப்பா, கூட நில்லுப்பா!" என்று ரெஜீஸைவிட உரக்கக் கத்துகிறவன் அவன்தான். அவன் தூக்கிக் கொடுப்பான், ரெஜீஸ் எகிறி அடிப்பான். பாகூரிலிருந்து நெட்டப்பாக்கம் வரை அந்த அடிக்குப் பெயர் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ரெஜீஸ் ஒருநாளும் விட்டதில்லை. இதை அவனே சொல்வான், சத்தியம் பண்ணியும் சொல்வான். பொய்யும் இல்லை. ஆனால் கோயிலுக்கு வெளியே ஒரு பூவரச மரம் இருக்கிறது. அவனுடைய பூசையெல்லாம் அந்த மரத்தடியில், பைக் சீட்டில் ஒரு கை ஊன்றியபடி. உள்ளே எல்லாரும் எழுந்து விசுவாசப் பிரமாணம் என்கிற மந்திரத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். இவனும் வாயசைப்பான். அதில் இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய போஞ்சு பிலாத்து பெயர் வருகிற நேரத்துக்குச் சரியாகத் தெருமுனையில் புகழ்வேந்தனின் ஹாரன் கேட்கும். ஏழு மணிப் பூசை, ஏழரைக்கு டீ, எட்டுக்குப் பயிற்சி. அதுதான் ஏற்பாடு. ரெஜீஸ் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு டீக்குப் போவான். நற்கருணை கொடுக்கிற நேரத்துக்கு ஓடி வந்து வரிசையில் நிற்பான். ஆறு வருஷமாக இந்த நேரக் கணக்கில் ஒரு நிமிஷம் பிசகியது கிடையாது.

அவனுக்குக் காதல் வந்ததும் வாலிபாலால்தான். மூன்று வருஷம் முன்பு கணுக்கால் பிசகிக்கொண்டு, வில்லியனூர் மருந்துக்கடைக்குக் கட்டுத்துணி வாங்கப் போனான். அங்கே வேலை செய்த பெண் வெண்ணிலா. நெட்டப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கட்டுத்துணி எடுத்துக் கொடுத்தாள், எப்படிச் சுற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். கால் பத்து நாளில் சரியாகிவிட்டது. ரெஜீஸ் மட்டும் இரண்டு மாதம் கட்டுத்துணி வாங்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் அவளே கேட்டாள்.

"இன்னா, மொத்தம் எத்தினி காலு உனுக்கு?"

அதற்கு மேல் கட்டுத்துணி தேவைப்படவில்லை.

வெண்ணிலாவின் அப்பா அரங்கநாதன் கரும்பும் நெல்லும் பயிரிடுகிறவர். இரண்டு கறவை மாடு. சுற்றிலும் பங்காளி வீடுகள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் காது கேட்கும். இரண்டு வருஷம் அவர் முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பார்க்க வந்த மாப்பிள்ளைகளுக்குக் காபி கொடுத்துவிட்டு, "எனக்கு வேற எடத்துல மனசு இருக்குதுங்க" என்று அவர்களிடமே சொல்லி அனுப்பினாள். நான்காவது மாப்பிள்ளை போன பிறகு அரங்கநாதன் ரெஜீஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ரெஜீஸ் வெள்ளைச் சட்டையில் போனான். எதிரில் உட்கார்ந்து, "மாமா" என்று ஆரம்பித்தான்.

"தாலி கட்டுற வரைக்கும் மாமா கீமான்னு கூப்பிடாத. சொல்லு."

ரெஜீஸுக்கு வேறு விஷயம் எதுவும் ஓடவில்லை. வேதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். வெண்ணிலா மதம் மாற வேண்டியதில்லை, பெயர் மாற்ற வேண்டியதில்லை, மேற்றிராணியார் என்கிற ஆயரிடம் அனுமதி வாங்கினால் போதும் என்றான். அதுவரை சரி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். செயலாளர் ஆயிற்றே, நிறுத்துவானா? "ஆனா பொண்ணு மந்திரமெல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கணுங்க. சாமியார் உக்கார வெச்சுக் கேப்பாரு. சொல்லலன்னா ஓலை போட மாட்டாரு" என்று அடித்துச் சொன்னான்.

"ஓலைன்னா?"

"இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல வாசிப்பாங்க. தடை ஏதாவது இருந்தா தெரிஞ்சவங்க வந்து சொல்லலாம்."

அரங்கநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு வேணா சொல்லலாமா?"

"யாரு வேணா சொல்லலாங்க."

"அப்ப நானே வந்து சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை.

ஆனாலும் அவர் வாக்குக் கொடுத்தார். தை மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பதுதான் ஒரே பேச்சு. "எங்க பங்காளிங்க மூஞ்ச இத்தினி நாள் பாத்துட்டேன். தைன்னு சொல்லி வாய அடச்சிருக்கேன். தை தாண்டிச்சுன்னா ஊரே கூடி என்னக் கலைச்சுடும், அப்புறம் நான் பேச மாட்டேன்" என்றார். மாசி பிறந்தவுடனே தவக்காலம் வேறு, அந்த நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆக, தைதான். விட்டால் வெண்ணிலா இல்லை. அது ரெஜீஸுக்கு நன்றாகவே தெரியும்.

வெண்ணிலா மந்திரப் புத்தகத்தை வாங்கிப் போனாள். வீட்டுக்குள் சத்தம் போட்டுப் படித்தால் பங்காளி வீட்டுக்குக் கேட்கும் என்று மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். விடியற்காலையில் அப்பா பால் கறப்பார், அவள் தூணில் சாய்ந்துகொண்டு படிப்பாள். அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்று ரெஜீஸிடம் சொல்லி வருத்தப்படுவாள். இரண்டு மாதத்தில் எல்லாம் பாடமாகிவிட்டது. "நீயும் ஒரு தரம் பாத்துக்கயேன்" என்றாள் ஒருநாள்.

"எனுக்கா?" ரெஜீஸ் சிரித்தான். "நான் பொறந்ததே அதுலதாண்டி."

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு வீட்டாரும் பங்குச் சாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும், அதற்காக அரங்கநாதனும் வந்திருந்தார். ஃபாதர் இன்னாசிமுத்துவுக்கு எதிலும் அவசரம் கிடையாது. ஒல்லியான மனிதர். மேற்றிராணியாரின் அனுமதிக் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தார். வெண்ணிலா எழுந்து நின்று, கைகட்டி, ஒப்பிக்கத் தயாரானாள்.

"நீ எதுக்கும்மா நிக்கிற?"

"மந்திரம் சொல்லணும்னு சொன்னாருங்க ஃபாதர்."

"உனுக்கு எதுக்கு? நீ உன் மார்க்கத்துலயே இருக்கப் போற. இது வேதக்காரங்களுக்கு." ஃபாதர் ரெஜீஸ் பக்கம் திரும்பினார். "எழுந்திரு செயலாளர். விசுவாசப் பிரமாணம் சொல்லு."

கூடத்தில் எல்லாரும் ரெஜீஸைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான், சிலுவை போட்டான். அது நன்றாகவே வந்தது. பிறகு தொடங்கினான். பரலோகம் வந்தது, பூலோகம் வந்தது, கன்னிமரியாள் வந்தாள். போஞ்சு பிலாத்தும் வந்தார். அவர் வந்ததும் ரெஜீஸின் தலைக்குள் ஒரு ஹாரன் அடித்தது. அத்தோடு சரி. அதற்கு அப்புறம் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து வந்தான், மறுபடி பிலாத்திடம் நின்றான். மூன்றாவது தடவையும் அங்கேதான்.

அமலோற்பவம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "மாதாவே, தேர் தூக்குறவன்னு நெனச்சனே!"

வெண்ணிலா அவனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. இரண்டு மாதம் கொசுக்கடியில் நின்று படித்தவள் அவள்.

"சனிக்கெழம சாயந்தரம் அஞ்சு மணி," என்றார் ஃபாதர். "மறுநாள் மொத ஓலை வாசிக்கணும், அப்பதான் தைக்குள்ள மூணும் முடியும். நான் உங்கிட்ட வேற ஒண்ணும் கேக்கலை. இத ஒண்ணச் சொல்லு. பிலாத்தத் தாண்டி வந்தீன்னா கையெழுத்து, ஓலை. இல்லன்னா தவக்காலம் முடிஞ்சு உயிர்ப்பு ஞாயிறுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

அரங்கநாதன் பேனாவைச் சட்டைப் பைக்குள் திருப்பிச் செருகிக்கொண்டு எழுந்தார். அதுதான் ரெஜீஸைக் கொன்றது.

இனி அவனுக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். அதே சனிக்கிழமை பாகூரில் பொங்கல் வாலிபால் போட்டியின் கடைசி நாள். காலையில் அரையிறுதி, மத்தியானம் இரண்டரைக்கு இறுதி ஆட்டம். ஆறு வருஷமாக சூசையப்பர் பாய்ஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்ததே இல்லை. வேறு எவனாவதாக இருந்தால் அன்றைக்கு விளையாடப் போக மாட்டான். ரெஜீஸ் மாதாவிடம் பேசிப் பார்த்தான். இரண்டையும் கேட்டான். கோப்பையும் வேண்டும், ஓலையும் வேண்டும், இரண்டும் கிடைத்தால் உறுவையாற்றிலிருந்து வில்லியனூர் மாதாவின் குகைக்கோயிலான கெபி வரை முழங்காலில் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டான். முழங்கால் போனால் அப்புறம் எப்படி எகிறி அடிப்பது என்று மாதாவே கேட்டிருப்பாள்.

வெண்ணிலா திட்டி முடித்துவிட்டு, மந்திரத்தைத் தன் குரலில் பதிவு செய்து அவனுக்கு அனுப்பினாள். வாரம் முழுக்க ரெஜீஸ் காதில் அதைச் செருகிக்கொண்டு அலைந்தான். செயின் மாட்டும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். பின்பாதி முழுக்க ஏறிவிட்டது. முன்பாதி ஏற்கெனவே இருந்தது. நடுவில் அந்த ஒட்டு மட்டும் ஒட்டவே இல்லை. பிலாத்து வந்தால் ஹாரன், அப்புறம் இருட்டு.

சனிக்கிழமை அரையிறுதியில் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் பாகூர் ஏரிக்கரை ஓரத்து மைதானத்தில் தொடங்கும்போது மணி மூன்றாகிவிட்டது. முதல் செட் இவர்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது இவர்களுக்கு, நான்காவது அவர்களுக்கு. ரெஜீஸ் பந்து அடிப்பதும் புகழ்வேந்தனின் கைக்கடிகாரத்தைப் பிடித்துப் பார்ப்பதுமாக இருந்தான். ஐந்தாவது செட் தொடங்கும்போது நான்கு இருபது. பாகூரிலிருந்து உறுவையாறு போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். இப்போதே கிளம்பினால்கூட நேரம் சரியாக இருக்காது.

"பதினஞ்சு பாயின்ட்டுதாண்டா. பத்து நிமிஷம்" என்றான் புகழ்வேந்தன்.

பத்து நிமிஷம்தானே என்று ரெஜீஸும் நினைத்தான். நின்றான். அந்த நிமிஷத்தில் அவனுக்கு வெண்ணிலாவின் முகம் ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்தும் நின்றான். ஆட்டக்காரன் புத்தி அப்படி, என்ன செய்வது?

பதினான்குக்குப் பதினான்கு. பதினைந்துக்குப் பதினைந்து. பதினேழுக்குப் பதினேழு என்று சமமாக நிற்கும்போது சர்வீஸ் ரெஜீஸ் கைக்கு வந்தது. ஊரே எழுந்து நின்று கத்துகிறது. இவன் பந்தை மூன்று தரம் தரையில் தட்டினான், சிலுவை போட்டான், உதடு தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது. பரலோகம், பூலோகம், கன்னிமரியாள்.

"டேய், இன்னாடா மந்திரம் போடற? சர்வீஸப் போடு!" என்று புகழ்வேந்தன் அலறினான்.

ரெஜீஸ் பந்தை மேலே வீசினான். சரியாக பிலாத்து வந்தார். பந்து நேராகப் போய் நெட்டில் விழுந்தது.

அடுத்த புள்ளியும் அவர்களுக்கே போனது, தோற்றார்கள். யாருக்கும் சமாதானம் சொல்ல ரெஜீஸுக்கு நேரம் இல்லை. முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றாமல் பைக்கை உதைத்துக் கிளப்பினான். போனில் வெண்ணிலாவின் பதினொரு அழைப்பு எடுக்காமல் கிடந்தது. வழியெல்லாம் கரும்பு லாரி. ஒவ்வொரு லாரியும் இவன் ஹாரனைக் கேட்டதும் இன்னும் நிதானமாகப் போனது.

ஐந்தரைக்குச் சாமியார் வீட்டுக் கூடத்தில் நுழைந்தான். அரைக்கால் சட்டை, ஏழாம் நம்பர் பனியன், முகமெல்லாம் புழுதி. ஃபாதர் இன்னாசிமுத்து செபப் புத்தகத்தை மூடினார். அமலோற்பவம் அவனைப் பார்க்கவே இல்லை. வெண்ணிலாவின் கண் சிவந்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில் அரங்கநாதன் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான்கரைக்கே வந்துவிட்டாராம்.

"வெளாட்டு முடிஞ்சுதா?" என்றார் ஃபாதர்.

"முடிஞ்சுது ஃபாதர்."

"சொல்லு."

ரெஜீஸ் நின்ற இடத்திலேயே சிலுவை போட்டான். பரலோகத்தில் தொடங்கினான். மூச்சு வாங்கியது, ஆனாலும் வார்த்தை வந்தது. பூலோகம், கன்னிமரியாள், போஞ்சு பிலாத்து.

நின்றான்.

வெளியே பைக் எஞ்சின் சூட்டில் டிக் டிக் என்று சத்தம் வந்தது. வெண்ணிலாவின் உதடு அசைந்தது. ஃபாதர் அவளைப் பார்த்து விரலைத் தூக்கினார், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரெஜீஸுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பிறந்ததிலிருந்து இதைக் கேட்டிருக்கிறோமே, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருக்கிறோமே, இத்தனை நாள் நான் என்னதான் பண்ணிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது. முதல் தடவையாக அவனுக்கு மெய்யாகவே வெட்கமாக இருந்தது.

"பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு," என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். அரங்கநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பால் கறக்கும்போது எப்படி முகம் வைத்திருப்பாரோ அப்படி.

ஃபாதர்தான் கேட்டார். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"இன்னா சாமி கேக்கறீங்க?" அரங்கநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு மாசமா எங்கூட்டுக் கொட்டாயில இந்தப் பொண்ணு கத்துது. எங்கூட்டு மாட்டக் கூப்புட்டா அது சொல்லும். இவன் இன்னான்னா அங்கயே நின்னுகினு கீறான்." பிறகு ரெஜீஸ் பக்கம் திரும்பி, "டேய், மேல சொல்லுடா. பொண்ணு அழுவுது பாரு" என்றார்.

அந்த 'டா'வில் ஹாரன் சத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. ரெஜீஸ் அழுதுகொண்டே மீதியைச் சொன்னான். அடக்கம் பண்ணினது, மூன்றாம் நாள் எழுந்தது, பரலோகம் போனது, எல்லாம் வரிசையாக வந்தது. ஆமென் சொன்னபோது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

ஃபாதர் ஏட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "பாதி நீ, பாதி அவரு," என்றார். "எப்படியோ குடும்பமாச் சொல்லி முடிச்சிட்டீங்க." ஏட்டைத் திறந்தார். அரங்கநாதன் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

வெளியே வரும்போது அரங்கநாதன் கேட்டார். "ஜெயிச்சியா?"

"தோத்துட்டோம் மாமா."

வாய் தவறி வந்துவிட்டது. ரெஜீஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு எத்தினி மணிக்கு ஓலை வாசிப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஏழு மணிப் பூசைக்கு அரங்கநாதன் ஆறே முக்காலுக்கே வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்திய ரெஜீஸ் அவரை வாசல் வழியாகப் பார்த்தான். இனி எங்கே வெளியில் நிற்பது? உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். விசுவாசப் பிரமாணம் வந்தது. தெருமுனையில் வழக்கம்போல ஹாரன் அடித்தது. அதே நேரம் அரங்கநாதனின் முழங்கை இவன் விலாவில் இடித்தது. ரெஜீஸ் பிலாத்தைத் தாண்டிப் போனான்.

பூசை முடிவில் ஃபாதர் ஓலையை எடுத்தார். உறுவையாறு ரெஜீஸுக்கும், நெட்டப்பாக்கம் அரங்கநாதன் மகள் வெண்ணிலாவுக்கும் திருமணம், இது முதல் ஓலை என்று வாசித்தார். தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார்.

அரங்கநாதன் எழுந்தார். ரெஜீஸுக்கு உயிரே போய்விட்டது. அன்றைக்குச் சிரிக்காமல் சொன்னாரே, அது ஞாபகம் வந்தது. அவர் பீடத்தைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பினார். கோயில் நிறைய உட்கார்ந்திருந்தவர்களை, தனக்கு ஒருத்தரையும் தெரியாத அந்தக் கூட்டத்தை, தனக்குப் பின் வரிசையிலிருந்து வாசல் வரைக்கும் ஒவ்வொரு முகமாக முறைத்துப் பார்த்தார். எவனாவது வாயைத் திறக்கட்டும் என்பது போல இருந்தது. கூட்டத்தில் ஒருத்தர் இருமக்கூட இல்லை. பார்த்து முடித்துவிட்டு வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எவனும் இல்ல," என்றார் ரெஜீஸிடம். "இன்னும் ரெண்டு வாரம் வரணுமில்ல?"

"ஆமா மாமா."

"வரேன்."